வெள்ளிக்கிழமை எடை

பெல்ஜியத்திலிருந்து வந்த பெட்டியைப் பிரித்தோம்.
ஆளி நார்.
கடை பொம்மையின் தலைமுடிபோல்
ஒன்று விலகாமல் படிந்திருந்தது.
புவான் நோராய்னி தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.
கிலோ விலையைச் சொன்னதும்
கையை எடுத்துக்கொண்டார்.

எங்களுடையது
பாகாவ் ஆலையின் பின்பக்கம் குவியும்
செம்பனையின் வெற்றுக்குலை.
எண்ணெயெல்லாம் கொடுத்துவிட்டு,
ஆவியில் வெந்த வாடையோடு,
எரிப்பதா புதைப்பதா என்று
யாரும் முடிவெடுக்காத சாமான்.
லோரியைக் கவிழ்த்துவிட்டு மணிமாறன் கேட்பான்:
"இதிலயா அக்கா காருக்குக் கதவு?"
கதவில்லை, கதவின் உள்பலகை என்பேன்.
ரெண்டும் ஒண்ணுதானே என்பான்.
ஒன்றில்லை.

முதல் பலகை, இழுவை எந்திரத்தில்
நனைந்த பிஸ்கட்போல் விட்டது.
நுண்ணோக்கியில் பார்த்தேன்.
முறிந்த முகமெங்கும் துளைகள்,
வட்டமாய், சுத்தமாய்.
ஒரு நார்கூட அறுபடவில்லை.
உறையிலிருந்து கத்தி வருவதுபோல்
பிசினிலிருந்து உருவிக்கொண்டு வந்திருந்தது ஒவ்வொன்றும்.
கூடவே இருந்திருக்கிறது.
ஒட்டவில்லை.

பிசினுக்குத் தண்ணீர் ஆகாது.
நாருக்குத் தண்ணீர் இல்லாமல் முடியாது.
நடுவில், இன்னும் போகாத எண்ணெய்.
ஒரே அச்சில் வைத்து
நூற்று எண்பது டிகிரியில் அழுத்தினால்
சேர்ந்துவிடும் என்று நினைத்திருந்தோம்.

பிறகு காரத்தில் ஊறவைத்தோம்.
கையுறை, கண்ணாடி, மூக்கை அறுக்கும் நெடி.
கழுவு, கழுவு,
லிட்மஸ் தாள் நீலமாகாத வரைக்கும் கழுவு.
ரஃபீக்குல் வங்காளத்தில் வாளிகளை எண்ணினான்,
பதினொன்றில் தாள் அமைதியானது.
நாரின் மேல் வரிசையாய்ப் பதிந்திருந்த
மணல்மணிகள் கழன்று போயிருந்தன.
போன இடமெல்லாம் குழி,
அம்மை வந்து போன முகம்.
அந்தக் குழிகளில்தான்
பிசின் காலை ஊன்றிக்கொண்டது.

இரவு ஷிப்டு, மணி இரண்டு இருபது.
எந்திரம் இழுத்தது.
பலகை கொடுக்கவில்லை.
இன்னும் இழுத்தது.
கொடுத்தபோது, தேங்காய் ஓடு விடும் சத்தம்.
துளைகளைத் தேடினேன், அங்கொன்று இங்கொன்று.
மற்றதெல்லாம் பிய்ந்த முனைகள்,
தேய்ந்த விளக்குமாற்று நுனிபோல,
பிசினை விடாமல் பிடித்தபடி.
"அறுந்துடுச்சு!" என்று கத்தினேன்.
யாருக்கு என்ன அறுந்தது என்று
செக்யூரிட்டி டார்ச்சோடு ஓடி வந்தார்.
அவருக்குச் சொல்லிப் புரியவைக்க
ஒரு மைலோ ஆறும் நேரம் ஆனது:
நல்ல ஒட்டென்றால், அங்கிள்,
பிரிக்க வந்தால் பிரியாது, முறியும்.
அவர் எதுவும் சொல்லவில்லை.
டார்ச்சை அணைத்தார்.

எண்கள் ஆளியை எட்டவில்லை.
பாதிக்குக் கொஞ்சம் மேல்.
அறிக்கையில் அதையும் எழுதினேன்,
சிறிய எழுத்தில் இல்லை.

வெட்டியதில் மிஞ்சிய ஒரு துண்டு
என் சமையலறை ஜன்னலில் இருக்கிறது.
கேக் மாவு நிறுக்கும் தராசில்
வெள்ளிதோறும் வைக்கிறேன்.
போன வாரம் எழுபத்திரண்டு கிராம்.
நாலு நாளாய் விடாத மழை.
இன்று எழுபத்து நான்கு.
பிசினுக்குள் பூட்டி
ஓரமெல்லாம் மெழுகி அடைத்த பிறகும்
உள்ளே எங்கோ ஒரு நார்
வாய் திறந்து வைத்திருக்கிறது.