பனிக்குவியல் நீங்கலாக

டொலீடோ நகரின் வடக்கு ஓரம்.
மூடிக் கிடக்கும் பௌலிங் கூடம், சலவைக் கடை,
பல் மருத்துவர், டயர் கடை.
மூன்று புள்ளி ஒன்று ஏக்கர்.
கடன் நாற்பத்திரண்டு லட்சம் டாலர்.
நில அளவைக்கு நான் எழுதிய தொகை
ஐயாயிரத்து எண்ணூறு.

யானைக்குத் தலையாட்டியவர்கள்
அங்குசத்துக்குப் பேரம் பேசினார்கள்.

வங்கியின் வக்கீல் மிஸ் ஓல்ஷெவ்ஸ்கி
விருப்பப் பட்டியலில் எல்லாக் கட்டத்திலும்
டிக் அடித்து அனுப்பியிருந்தார்,
பசியோடு மளிகைக்குப் போனவர் மாதிரி.
ஒவ்வொரு டிக்குக்கும் ஒருவர்
குளிரில் இறங்கி நடக்க வேண்டும் என்றேன்.
வெள்ள மண்டலம் இருக்கட்டும்,
அது மேசையிலிருந்தே பார்ப்பது.
பூமிக்கடியில் போகும் குழாய்களா?
தனி ஆள், தனிப் பணம்.
உயரம் எதற்கு, ஒரு தளம்தானே?
உயரத்தை விட்டார்.
குழாய்களை விடவில்லை.
வண்டி நிறுத்தும் கட்டங்களின் கணக்கு
கட்டாயம் என்றார்:
நூற்றுப் பன்னிரண்டு, நகராட்சி விதி.

எண்ணுவதுதானே என்று
அதற்கு நூற்றைம்பது டாலர் போட்டேன்.
ஜனவரியில் போட்டேன்.
தப்பு என்னுடையது.

வில்லங்கப் பட்டியலில் பதினேழாவது:
1911-இல், ஒரு எரிவாயு கம்பெனிக்கு
இந்த நிலத்தின் ஊடே
குழாய் பதிக்கும் உரிமை.
எந்த இடத்தில் என்று எழுதவில்லை.
கம்பெனியும் இப்போது இல்லை.
இப்படிப்பட்டதற்கு எங்களிடம் ஒரு வாசகம் உண்டு:
சொத்தைப் பாதிக்கிறது; வரைய இயலாது.
தட்டும்போதெல்லாம் ஒரு நொடி நின்றுவிடுகிறேன்,
யாரையோ பற்றி நானே எழுதியது போல.
பிறகு பதினெட்டாவது.

லாமாரும் கிறிஸ்டாவும் போனார்கள்.
வடகிழக்கு மூலையின் இரும்புக் கம்பி
ஒரு முழம் ஐஸுக்குக் கீழே இருந்தது, ஆனால் இருந்தது.
டயர் கடை வேலி ஓர் அடி இந்தப் பக்கம்.
கோடுகளைத் துடைப்பத்தால் கூட்டிக் கூட்டி
எண்ணினார்கள்.
நூற்று ஒன்பது.
மிச்சம், பனித்தள்ளி வண்டி
மூலையில் குவித்துவிட்டுப் போன
ஆளுயரக் குன்றுக்கு அடியில்,
இருந்தால்.

வரைபடத்தில் எழுதினேன்:
நூற்று ஒன்பது, பனிக்குவியல் நீங்கலாக.
நீங்கலாக என்ற சொல்லை
வங்கி ஏற்காது என்றார் மிஸ் ஓல்ஷெவ்ஸ்கி.
கையெழுத்து வெள்ளிக்கிழமை.
அன்று புதன்.
எங்கள் ஒப்பந்தத்தில் மண்வெட்டி இல்லை என்றேன்.
சொன்னதும் எனக்கே
அது எப்படிக் கேட்கிறது என்று கேட்டது.

மறுநாள் காலை, கடன் வாங்கும் ஹதாத்
கோட்டும் பளபளக்கும் ஷூவுமாக வந்து
அந்தக் குன்றைத் தோண்டினாராம்.
அறுபது வயது இருக்கும்.
லாமார் சரிபார்க்கப் போயிருந்தான்.
பத்து மணிக்கு ஒரு மஞ்சள் கோடு.
பதினொன்றுக்குள் மூன்று கட்டம்.
நான்காவதும் ஒன்று,
எந்த வரைபடத்திலும் இல்லாதது,
தார் விரிசலுக்குள் பாதி அழிந்து.
அதை எண்ணவில்லை.

லாமாரின் நேரச் சீட்டில்
வியாழக்கிழமைக்கு எதிரே இருந்தது:
நின்றேன், இருபது நிமிடம்.
தோண்டினேன், ஒன்றே கால் மணி.
போடுவதும் விடுவதும் உன் இஷ்டம்.

பில்லைத் திறந்து வைத்துக்கொண்டு
தேநீர் ஆறும்வரை இருந்தேன்.
நின்றதற்குப் போட்டேன்.
தோண்டியதற்குப் பாதி போட்டேன்.
ஏன் பாதி என்று
இன்றுவரை யாரும் கேட்கவில்லை,
ஹதாத் உட்பட.
வெள்ளிக்கிழமை மேசையிலேயே
முழுத் தொகைக்கும் காசோலை வந்தது.

இந்த வாரம் சாண்டஸ்கியில் ஒரு மோட்டல்.
விலைப்புள்ளியின் கடைசிப் பத்திக்கு மேலே
புதிதாக ஒரு வரி சேர்த்திருக்கிறேன்:
நவம்பர் முதல் மார்ச் வரை
பனியை அகற்றித் தருவது
வாடிக்கையாளர் பொறுப்பு.

லாமார் வண்டியில்
மண்வெட்டி ஒன்றும் போட்டிருக்கிறான்.
அதற்கான ரசீது என் மேசையில்.
இருபத்தாறு டாலர்.
எந்த வேலையின் பெயரில் எழுதுவது
என்று தெரியவில்லை.