கணக்கில் வராத ஓட்டம்

பத்தாயிரம் அடி நடந்தால்
திரையில் ஒரு மரம் துளிர்க்கும்.
புந்தா அரேனாஸ் பள்ளியில்
இந்த வருடம் உடல்நலம் ஓர் ஆட்டம்.

யாஸ்னா
கைப்பேசியை நாயின் கழுத்தில் கட்டிவிட்டுப்
போர்வைக்குள் போய்விட்டாள்.
மூன்றே நாளில் வகுப்பில் முதலிடம்.

நான்காம் நாள் கதவைக் காற்று திறந்தது.
நாயும் அது வளர்த்த காடும்
ஜலசந்திப் பக்கம் பறந்தன.

காலுறையோடு ஓடினாள்,
காற்று ஒரே பக்கமாய்ச் சாய்த்துவிட்ட
நிஜ மரங்களைத் தாண்டி.
விலாவில் குத்தல்.
கரையில் நாயைப் பிடித்தபோது சிரிப்பு வந்தது,
ஏனென்று தெரியாமல்.

இருபத்தோராயிரம் என்றது திரை.
அத்தனையும் நாயுடையவை.
அவளுக்கு
ஈரக் காலுறையில் கொஞ்சம் மணல்.

மறுநாள் கைப்பேசியில் சார்ஜ் இல்லை.
நாய் கதவருகே நின்றது.
அவளும்.