நாற்பத்தொன்பது கிலோ

இரண்டு முறை தோற்றபோதும்
எடை பார்க்கும் கருவியில் ஏற்றி
"இதுல பிரச்சினை இல்ல" என்று இறக்கிவிட்டார்கள்.

கீழ்ப்பாக்கம் கருத்தரிப்பு மையத்தில்
பத்துக் கிலோ குறைத்துவிட்டு வா என்று
திருப்பி அனுப்பப்பட்ட ரோஸ்லின்
என் மணிக்கட்டைப் பார்த்தபடி சொன்னாள்:
"உனக்கென்னப்பா, குச்சி மாதிரி இருக்க."
ஊசி போட்டு நீலம் பாரித்த ஐந்து இடங்கள்
புடவைக்குள் இருந்தன. சிரித்துவைத்தேன்.

மாமியார் கட்சி வேறு.
உடம்பில் சத்து இருந்தால்தான் தங்குமாம்.
காலையில் பேரீச்சம்பழம், மாலையில் ரவா லட்டு.
எல்லாம் அன்பு.
எல்லாம் சர்க்கரை.

மூன்றாவது டாக்டர் வேறொரு சோதனை எழுதினார்.
வெறும் வயிற்றில் ஒரு குழாய் ரத்தம்,
குளுக்கோஸ் தண்ணீர் குடித்து இன்னும் இரண்டு.
எலுமிச்சை பிழிந்தும் குமட்டியது.

சர்க்கரை எண்பத்தெட்டு.
இன்சுலின் இருபத்தாறு.
இரண்டாவது எண்ணை அதுவரை யாரும் கேட்டதே இல்லை.

நான் தண்ணீர் வாரியத்தில் புகார் எடுப்பவள்.
எனக்கு இப்படித்தான் புரிந்தது:
வியாசர்பாடியில் ஒரு தெரு.
லாரி ஹாரன் அடிக்கிறது. கதவு திறக்கவில்லை.
இன்னொரு லாரி. இன்னும் உரக்க.
எப்படியோ குடங்கள் நிறைந்துவிடும்,
பதிவேட்டில் 'குறை தீர்ந்தது'.
ஆனால் தெருக்கோடியில்
காது நன்றாகக் கேட்கிற வீடு ஒன்று.
அங்கே இரவெல்லாம் தூக்கமில்லை.
என் சினைப்பை அந்த வீடு.
தூங்கி வளரவேண்டியவை
பாதியில் விழித்துப் பாதியில் நிற்கின்றன.

அன்று அழுதேன்,
ஏறக்குறைய நிம்மதியில்.
"மனச ரிலாக்ஸா வெச்சுக்கோ" என்றவர்களிடம்
நீட்ட ஒரு தாள் இருந்தது.

மெட்ஃபார்மின் தொடங்கிய வாரம்
29சி பேருந்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு
எந்த நிறுத்தத்தில் கழிவறை என்று மனப்பாடம் செய்தேன்.
துணைக்குச் சோற்றைக் குறைத்த அமலனுக்கு
ஒரே மாதத்தில் பேண்ட் நழுவியது.
எனக்கோ அரைக் கிலோ இறங்கக் கூடாது.
சாப்பிட்டதும் மேம்பாலத்தடியில் நடக்கிறோம்,
என் இரண்டு கையிலும்
இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில்.
நாய்கள்கூடப் பழகிவிட்டன.

நான்கு மாதம். இன்சுலின் பதினொன்று.
எடை அதே நாற்பத்தொன்பது.
நாளை ஏழு மணிக்கு முட்டை எடுக்கிறார்கள்.
எத்தனை கிடைக்கும், எப்படி இருக்கும்,
டாக்டர் வாய் திறக்கவில்லை.

இன்று கடைசி அழைப்பு, கொடுங்கையூரிலிருந்து:
"மேடம், லாரி ஹாரனே அடிக்கல.
தொட்டிய ரொப்பிட்டுப் போயிடுச்சு.
நாங்க எல்லாம் நல்லாத் தூங்கிட்டோம்."

எந்தத் தலைப்பில் பதிவது என்று தெரியாமல்
பேனாவைப் பிடித்தபடி இருந்தேன்.