நடுத்தளம்

வியாழக்கிழமைகளில் இந்திரா நகரில்
பெர்னதெத் மேடத்திடம் ஐம்பது நிமிடம் பேசுகிறேன்.
ஆயிரத்து இருநூறு ரூபாய்.
வீட்டில் பல் டாக்டர் என்று சொல்லியிருக்கிறேன்.

கோபம் வந்தால் உடம்பில் எந்த இடத்தில் வரும்
என்று இன்று கேட்டார்.
எனக்குக் கோபமே வராது மேடம்.
அவர் எதையும் எழுதிக்கொள்ளவில்லை.
எழுந்துபோய் ஃபேனைக் குறைத்துவிட்டு வந்து
வராதா,
வந்து நிற்பதை நீங்கள் பார்க்கவில்லையா
என்றார்.

பறக்கும் ரயிலில்
எதிர் இருக்கைப் பெண் மடியில் பையை விரித்துப்
பூண்டு உரித்துக்கொண்டு வந்தாள்.
கோட்டூர்புரம் பாலத்தில் காற்று புகுந்து
தோலெல்லாம் என் புடவையில்.
அவள் நிமிர்வதற்குள்
பரவாயில்லை என்றுவிட்டேன்.

டிக்கெட் திருவல்லிக்கேணிக்கு.
திருமயிலையில் இறங்கினேன்.

இதைக் கட்டியவர்கள் என்ன நினைத்தார்களோ.
மேலே தண்டவாளம், கீழே தெரு,
நடுவில் நாலு கல்யாணம் ஒரே நாளில் நடத்தலாம்,
அவ்வளவு பெரிய தளம்,
யாருக்கும் வாடகைக்குப் போகாமல்.
இருபத்தைந்து வருடமாக
அதைத் தாண்டித்தான் படியிறங்குகிறேன்.

அங்க ஒண்ணும் இல்லம்மா, என்றார் செக்யூரிட்டி,
சட்டையில் துரைப்பாண்டி என்று பெயர்.
சும்மா பார்க்கிறேன்.
பார்க்கத்தான் ஒண்ணும் இல்லேங்கறேன்.
அதற்குள் அவருக்குப் போன் வந்தது.

புறா எச்சம்.
ஒற்றைச் செருப்பு, இடது கால்.
ஒரு தூணோரம்
மழையில் நனைந்து கல்லாகிப்போன சிமெண்ட் மூட்டை,
சாக்கு மக்கி உதிர்ந்த பிறகும்
அதன் சுருக்கங்களோடு அப்படியே.

எனக்குக் கட்டடக்கலையில் இடம் கிடைத்த வருடம்
இந்த ரயில் மயிலைக்குப் புதிது.
அப்பாவிடம் ஒரு பீஸ் கட்டத்தான் பணம் இருந்தது.
ஞானசேகருக்கு இன்ஜினியரிங்.
யாரும் என்னைக் கேட்கவில்லை.
நானாகவே போய்ச் சொன்னேன்,
பரவாயில்லைப்பா.

மேடத்திடம் இதுவரைக்கும் சொல்லியிருக்கிறேன்.
சொல்லாதது இது:

முதல் வருடம் அவனுக்கு டிராயிங் பரீட்சை.
முந்தின இரவு எல்லோரும் தூங்கியபின்
அவனுடைய டிராஃப்டரின் திருகாணியைத் தளர்த்தினேன்.
அரை சுற்று. கண்ணுக்குத் தெரியாது.
கோடுகள் எல்லாம் ஒரு மயிரிழை சாய்ந்து
அவன் தோற்று வந்து சாப்பிடாமல் படுத்திருந்தபோது
காபி போட்டுக் கொண்டுபோனதும் நான்தான்.
முதுகைத் தடவிப்
பரவாயில்லைடா என்றதும்.

அதை இன்று
வாய்விட்டுச் சொன்னேன்,
தூணுக்கும் புறாவுக்கும்.
நான் சொன்னது சுவரில் பட்டுத் திரும்பிவர
யாரோ பதினெட்டு வயதுக்காரி சொல்வதுபோல் இருந்தது.

பேய் மாதிரி இருப்பாள் என்று நினைத்திருந்தேன்.
அப்படி ஒன்றுமில்லை.
எண்ணெய் வழியும் நெற்றி,
விரல்களில் பென்சில் கரி.
மன்னிப்புக் கேட்கவில்லை.
நானும் கேட்கச் சொல்லவில்லை.
சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு
இவ்ளோ இடத்தை வீணாக்கிட்டாங்களே என்றாள்.
கடல் கிழக்கே இருக்கு,
இந்தப் பக்கம் போய் சுவரை வெச்சிருக்காங்க பாரு.

அளந்தோம்.
என் காலடியில் நீளம் நூற்றுப் பதினொன்று.
அவள் தொண்ணூற்றெட்டு என்றாள்,
தாவித் தாவி நடக்கிறவள்.
படிக்கட்டு எங்கே வரவேண்டும் என்பதில் சண்டை வந்தது.
நான் விட்டுக்கொடுக்கவில்லை.
நெஞ்சுக்குழிக்குக் கீழே, கொஞ்சம் இடப்பக்கம்,
சூடாக.
அடுத்த வியாழன் இடத்தைச் சொல்லிவிடலாம்.

ஞானசேகரிடம் எப்போது சொல்வது என்று
தெரியவில்லை.
ஷார்ஜாவில் இப்போது மணி ஆறு இருக்கும்.

என்னம்மா இருந்துச்சு, என்றார் துரைப்பாண்டி.
ஒரு சிமெண்ட் மூட்டை என்றேன்.
நான் சொன்னேன்ல.

வீட்டில்
தட்டு வைத்தபடி அவர் கேட்டார்,
பல் எப்படி இருக்கு,
வலிக்குதா?

வலிக்குது
என்றேன்.