பெயரெச்சம்

மைனஸ் முப்பத்தொன்று. வினிபெக், ஜனவரி.
கதவைத் தள்ளிக்கொண்டு
ஒரு பேரீச்ச மரம் உள்ளே வந்து
கையுறையைக் கழற்றியது.

தாமார் என்றால் பேரீச்சை.
கல்லறைக் கல் வெட்டும் கடையில் ஆறு வருடம் நின்றால்
யாருக்கும் இது ஒட்டிக்கொள்ளும்:
யோனா புறா, தெபோராள் தேனீ,
ராகேல் பெட்டையாடு,
ஆபேல் வெறும் மூச்சு.
பீடி இல்லாமலே புகை விடும் இந்த ஊரில்
அந்தப் பெயரைக் கண்ணால் பார்க்கலாம்.

மரியாளுக்கு மட்டும் ஆளுக்கொரு பொருள்.
கசப்பு என்கிறார்கள், கலகம் என்கிறார்கள்,
இல்லையில்லை, எகிப்தியச் சொல், பிரியமானவள் என்கிறார்கள்.
என் மனைவி மரிய செல்வத்திடம்
மூன்றையும் சொல்லிப் பார்த்தேன்.
சம்பளம் வந்துவிட்டதா என்று கேட்டாள்.

வேம்பாரில் எங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.
யோவானின் ஓட்டை உடைத்து
உள்ளே இருந்த பருப்பை எடுத்து
அருளப்பன் என்றே கூப்பிட்டோம்.
என்னை ஏனோ உடைக்காமல் விட்டுவிட்டார்கள்.
சூசை: சேர்ப்பான்.
மிக்கேல்: கடவுளைப் போல் யார்?
ஒரு வினையும் ஒரு வினாவும்
மாதம் இருமுறை சம்பளச் சீட்டில்
கையெழுத்துப் போடுகின்றன.

பெயர்ச்சொல் காலம் காட்டாது.
எட்டாம் வகுப்பில் இதை எழுதி
இரண்டு மதிப்பெண் வாங்கியவன் நான்.
எபிரேயத்துக்கு இதை யாரும் சொல்லவில்லை போலும்.

அவள் மாதிரித் தாளைப் பார்க்க வந்திருந்தாள்.
நான்கு எழுத்து. வலமிருந்து இடம்.
கீழே தேதிகள், நடுவே பதினொரு நாள்.
மூன்றாம் எழுத்தின் மேல் விரல் வைத்து,
இது திறந்திருக்கிறது, மூடணும், என்றாள்.

கூரைக்கும் இடது காலுக்கும் நடுவே
மயிரிழை இடைவெளி.
எங்கள் ரகரத்தையும் துணைக்காலையும் போல
கண் அசந்தால் வேறெழுத்து.
மன்னிப்புக் கேட்டேன்.
பென்சிலால் மூடிக் காட்டினேன்.
தலையாட்டினாள். விரலை எடுக்கவில்லை.

நாம் ஈசாக்கு என்று எழுதிவிட்டுப் போகிறோம்.
உள்ளே ஒரு சிரிப்பு இருக்கிறது.
தொண்ணூறு வயதில் உனக்குப் பிள்ளை என்றதும்
கூடாரத்துக்குள் நின்று ஒருத்தி சிரித்தாளாம், அது.
சிரிக்கிறான் என்றும் கொள்ளலாம்,
சிரிப்பான் என்றும் கொள்ளலாம்.
சிரித்தான் என்று மட்டும் கொள்ள முடியாது.

நான் எதுவும் சொல்லவில்லை.
அவளாகத்தான் சொன்னாள்:
ஏழாம் நாள் வாய் கோணியது,
நான் சிரிப்பு என்றேன்,
நர்ஸ் வாயு என்றாள்.

போகும்போது கையுறை ஒன்றை மறந்துவிட்டாள்.
ஓடிப்போய்க் கொடுப்பதற்குள்
கார் போய்விட்டது.

எழுத்துக்கு இத்தனை டாலர் என்பது கடைக் கணக்கு.
ஒரெஸ்ட் குழந்தைகளுக்கு வாங்குவதில்லை.
ரசீதில் நான்குக்கு எதிரே பூஜ்யம் போட்டுவிட்டு
கம்ப்ரசரைப் போட்டான்.
மணல் சீறியது.
ரப்பர் அச்சை உரித்தபோது
மூன்றாம் எழுத்து நன்றாக மூடியிருந்தது.

அந்த எழுத்தில் மெய் மட்டும்தான் எழுதுவார்கள்.
உயிர் கிடையாது.
கல்லில் நான்கு மெய் கிடக்கும்,
எதிரே நின்று வாசிக்கிறவன்
தன் வாயிலிருந்து உயிரைப் போட வேண்டும்.
நம் இலக்கணம் இதற்கு என்றோ பெயர் வைத்துவிட்டது,
நான்தான் ஐம்பத்திரண்டு வயதில்
காதைப் பொத்தும் கவசத்தோடு நின்று கேட்கிறேன்.

பள்ளத்தில் தங்கிய தூசியை ஊதினேன்.
ஓர் இகரம், ஓர் அகரம். இரண்டே உயிர்.
பழக்கமில்லாத நாக்கு, சரியாக வரவில்லை.
பிறகு தமிழில் சொன்னேன்.

யாரோடு பேசுகிறாய் என்றான் ஒரெஸ்ட்.

மண் இளகி, கல் நட, மே ஆகும்.
அதுவரை கொட்டகையில்
சுவரைப் பார்த்தபடி, மேலே ஒற்றைக் கையுறையோடு,
எதிர்காலத்தில் நிற்கும்.