பொய் பத்தொன்பது

சென்சார் என்று அந்தப் பெண் சொன்னதும்
எனக்குக் கத்தரிதான் நினைவுக்கு வந்தது,
படத்தில் எதையோ வெட்டுவார்களே, அது.
இல்லை மேடம், இது ஒட்டுவது, என்றாள் ரேவா பட்வர்தன்,
போவாயிலிருந்து மூன்று வண்டி மாறி வந்தவள்.
ஜவ்வரிசி வடாம் கனத்தில் ஒரு வளையம்.
பைக்கும் தோலுக்கும் நடுவில் உட்கார வேண்டியது.
அதில் வெள்ளி மையில் இரண்டு கோடு:
உள்கோடு மெலிது, வெளிக்கோடு தடிப்பு.

நான் சுருக்கெழுத்துக்காரி.
மாத்திரையும் பில், ரசீதும் பில் நம் எழுத்தில்;
என் நோட்டில் கோட்டின் கனம்தான்
எது எதுவென்று சொல்லும்.
அதனால் அவள் சொன்னது சட்டென்று புரிந்தது.
உள்கோடு நனைந்தால் மணிக்கட்டில் ஒரு துடிப்பு.
வெளிக்கோடும் நனைந்தால் மூன்று.
இடையில் இருபது நிமிடம் கிடைக்கலாம், என்றாள்.
அந்த ‘லாம்’ எனக்குத் தனியாகக் கேட்டது.

வயிற்றின் வலப்பக்கம்
உள்ளுதட்டு நிறத்தில், எப்போதும் ஈரமாக
ஒன்று இருக்கிறது, இரண்டு வருடமாக.
கிள்ளினால் அதற்குத் தெரியாது.
சுட்டாலும் தெரியாது.
சுற்றியிருக்கும் தோலுக்குத்தான் எல்லாம் தெரியும்,
அதுவும் தாமதமாக.
முதலில் அரிக்கும், அப்புறம் எரியும்,
அப்புறம் பக்கத்து இருக்கைக்காரி
ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்புவாள்.

ஏசி அறையில், ரப்பர் வயிற்றின் மேல்
கேழ்வரகுக் கஞ்சி ஊற்றி ஊற்றித் தேற்றிய கருவி அது.
முலுண்டில் 8:06 பெண்கள் பெட்டியில்
வியர்வை என்று ஒன்று உண்டென
யாரும் அதற்குச் சொல்லியிருக்கவில்லை.
அதுவும் ஜூலையில்.

காட்கோபரில் துடித்தது.
தாதரில் துடித்தது, இறங்கி ஓடினேன்,
கழிவறை வரிசையில் எனக்கு முன்னால் ஆறு பேர்.
உள்ளே போய்ச் சுடிதாரைத் தூக்கிப் பார்த்தால்
வியர்வை. வெறும் வியர்வை.
மஸ்ஜித் தாண்டியதும் மறுபடி.
சனியனே, என்று மணிக்கட்டைத் திட்டினேன்.
எதிரில் நின்றவள் தன்னைத்தான் என்று நினைத்தாள்.

ஒரு ராத்திரி இரண்டரை மணிக்குத் துடித்தது.
மாசிலாமணி எழுந்து விளக்கைப் போட்டார்.
காட்டு, என்றார்.
இரண்டு வருடத்தில் அவர் அதைப் பார்த்ததில்லை;
நான் காட்டியதில்லை, அவர் கேட்டதில்லை.
மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு
தட்டின் ஓரமெல்லாம் விரலால் தடவினார்,
ஆதார் அட்டையில் எழுத்துப் பிழை தேடுகிறவர் மாதிரி.
காய்ஞ்சுதான் இருக்கு, தூங்கு, என்றார்.
விளக்கை அணைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.
இதையும் பொய்க் கணக்கில்தான் எழுதிக் கொடுத்தேன்.

இருபதாவது, கோர்ட்டில்.
கிர்காவ் வீட்டு வாடகைத் தகராறு,
சாட்சி ஒவ்வொன்றுக்கும் நினைவில்லை, நினைவில்லை என்கிறார்,
நீதிபதி அதைச் சுத்தமான ஆங்கிலத்தில்
எனக்குச் சொல்லிக்கொண்டே போகிறார்.
ஒரு துடிப்பு.
மேலே மின்விசிறி. முதுகில் வியர்வை இல்லை.
பத்தொன்பது முறை ஏமாந்தவள் நான்.
இன்னும் இரண்டு பாரா ஓடட்டுமே என்றது கை.
இருபத்திரண்டு வருடத்தில் எந்த நீதிபதியின் வாக்கியத்தையும்
நடுவில் நிறுத்தியவள் இல்லை.
பென்சிலை உயர்த்தினேன்.
யெஸ்?
பத்து நிமிடம் வேண்டும், சார்.
எதற்கு என்று சொல்லவில்லை. அவர் கேட்கவுமில்லை,
கடிகாரத்தை மட்டும் பார்த்தார்.

தாழ்ப்பாள் சரியாக விழாத கதவைக் காலால் அழுத்திக்கொண்டு
பையைக் கழற்றினேன்.
உள்கோடு நனைந்து பழுப்பேறியிருந்தது.
வெளிக்கோடு வெள்ளி.
துணியில் ஒரு பொட்டுக்கூட இல்லை.
மாற்றி, கை கழுவி, திரும்பி வந்து உட்கார்ந்தேன்.
கடைசி வரியைப் படியுங்கள், என்றார்.
“சாட்சிக்கு நினைவில்லை” என்று படித்தேன்.
குரல் நடுங்கவில்லை.

மூன்று வாரம் முடிந்து ரேவா படிவத்தோடு வந்தாள்.
எத்தனை பொய்? பத்தொன்பது.
எத்தனை மெய்? ஒன்று.
உதட்டைக் கடித்துக்கொண்டு எழுதிக்கொண்டாள்.
அடுத்த வளையத்துக்கு வியர்வையைப் பழக்கணும், மேடம்.
மே மாதம் திரும்ப வரேன், என்றாள்.
மேயில் வா, ஆனால் வீட்டுக்கு வராதே, என்றேன்.
8:06-க்கு வா.
நடுப் பெட்டி.
உட்கார இடம் கிடைக்காது.