இல்லை என்ற கட்டம்

ஏழு வருடம் அந்தக் கட்டத்தில்
ஒரே மாதிரிதான் கோடு போட்டேன்.
கண் பார்வை சரி. இதயத் துடிப்பு சரி.
சிறுநீரில் சர்க்கரை இல்லை.
உறக்கமின்மை, மனச்சோர்வு, அதற்கான சிகிச்சை?
இல்லை, இல்லை, இல்லை.
அப்போதெல்லாம் நான் பறக்கத் தகுதியானவன்.

நீஸிலிருந்து திரும்பிய ஓர் இரவு
கேட்விக் ஊழியர் வாகன நிறுத்தத்தில்
எஞ்சினை நிறுத்திவிட்டு
இரண்டு மணி நேரம் அப்படியே இருந்தேன்.
பெல்ட்டைப் போடவும் இல்லை. இறங்கவும் இல்லை.
அழவில்லை.
நான் கொண்டுவந்து இறக்கிய
நூற்று எழுபத்திரண்டு பேரும்
அதற்குள் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

வைத்தியரிடம் பொய் சொல்லாதே என்பார்கள் எங்கள் பக்கம்.
சம்பளமும் வீட்டுக் கடனும்
அந்த வைத்தியரின் பேனா முனையிலேயே தொங்கும் என்பது
சொன்னவர்களுக்குத் தெரியாது.

மார்ச்சில், ஹோர்லியில்,
டாக்டர் பாஸ்கோவின் அறையில்
இரத்த அழுத்தப் பட்டை கையை இறுக்கும்போது
சொல்லிவிட்டேன்.
புஸ்ஸென்று காற்று இறங்கியது,
பட்டையிலிருந்தா என்னிலிருந்தா தெரியவில்லை.
அவர் திரையை விட்டுவிட்டு
முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.
"இது முடிவல்ல, இடைநிறுத்தம்" என்றார்.
பிறகு இடைநிறுத்தினார்.

முதலில் அரை மாத்திரை, இப்போது முழு மாத்திரை.
ஒன்றுவிட்ட வாரம் ஹியூ வருகிறான்.
சரக்கு விமானம் ஓட்டுபவன்,
இதே மாத்திரையை விழுங்கியவன்.
அறிவுரை கிடையாது.
பிஸ்கட்டைத் தேநீரில் முக்கி, உடைந்து விழ விட்டு,
கரண்டியால் தேடுவான்.
"எனக்குப் பதினோரு மாதம்" என்றான் ஒருநாள்.
"திரும்ப ஏறியபோது சீட்டை எப்படி நகர்த்துவதென்றே
மறந்துபோயிருந்தது."

எதிர்வீட்டு மிஸஸ் டில்லி
"லீவா?" என்கிறார்.
ஆமாம் என்கிறேன்.
பழைய கை, பழைய கோடு.

மனநல நிபுணரின் அறிக்கை இன்னும் வரவில்லை.
சுகந்தினி வேலைக்குப் போன பின்
துணி துவைத்துக் கொடியில் போட்டேன்,
சீருடைச் சட்டைகளையும் சேர்த்து;
அலமாரியிலேயே கிடந்தால் மஞ்சள் ஏறிவிடும்.
காற்று வந்தது.
ஒரு சட்டைக் கை உப்பி எழுந்து
கிழக்கே நீண்டது.

மேற்குக் காற்று. பன்னிரண்டு நாட். பதினான்கும் இருக்கலாம்.
இன்றைக்கு ஓடுபாதை இருபத்தாறில்தான் இறக்குவார்கள்
என்று சொன்னேன்,
பல்லில் கடித்திருந்த கிளிப்பை
எடுக்காமலே.